பென்சிலில் எழுதிய மனு: கிடியன் வழக்கு

அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "1791இல் உரிமைச் சாசனம் வந்தது, அன்றிலிருந்து எல்லா நீதிமன்றத்திலும் அந்த உரிமைகள் கிடைத்தன" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லைங்க. முதல் பத்துத் திருத்தங்களும் கூட்டரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று 1833லேயே பாரன் எதிர் பால்டிமோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1868இல் வந்த பதினான்காவது திருத்தம்தான் மாநிலங்களை நோக்கிப் பேசியது. அதுவும் ஒரே நாளில் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு உரிமையும் தனித்தனி வழக்காகப் போய்த்தான் மாநில நீதிமன்றத்துக்குள் நுழைந்தது.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பாருங்கள். இது ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது. கூட்டரசு நீதிமன்றங்களில் ஏழைக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும் என்று 1938இல் தீர்ப்பானது. மாநில நீதிமன்றங்களுக்கு? 1942இல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில், தனிப்பட்ட விசேஷக் காரணம் இருந்தாலொழியக் கட்டாயமில்லை என்றார்கள். நீதிபதி ஹியூகோ பிளாக் அதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1961 ஜூன் மாதம். புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியை உடைத்து யாரோ கொஞ்சம் பானங்களும் சில்லறைக் காசும் திருடிவிட்டார்கள். பிடிபட்டவர் கிளாரன்ஸ் எர்ல் கிடியன். கையில் காசு இல்லாதவர், ஏற்கெனவே சிறை பார்த்தவர். வழக்கறிஞர் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். மரண தண்டனைக் குற்றத்துக்கு மட்டும்தான் அரசு வழக்கறிஞர் தரும் என்றார் நீதிபதி. உச்ச நீதிமன்றமே எனக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்லியிருக்கிறதே என்றார் கிடியன். உண்மையில் அன்றைய சட்டப்படி அவர் சொன்னது தவறு, பெட்ஸ் தீர்ப்பு அப்போது நடப்பில் இருந்தது. தனக்குத்தானே வாதாடினார். ஐந்து ஆண்டுச் சிறை.

சிறையிலிருந்து முதலில் புளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார், பலிக்கவில்லை. பிறகு 1962 ஜனவரியில், கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். மனு ஏற்கப்பட்டது. அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸ் என்ற பெரிய வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தியது. இதில் ஒரு வேடிக்கை: மாநில அதிகாரம் பறிபோகும் வழக்கு இது, ஆனாலும் 22 மாநிலங்கள் கிடியன் பக்கம் நின்றன. புளோரிடாவுக்குத் துணை வந்தவை இரண்டே இரண்டு. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிடியனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். பெட்ஸ் தீர்ப்பு கவிழ்ந்தது. தீர்ப்பை எழுதியவர் யார்? 21 ஆண்டுகளுக்கு முன் மாறுபட்டு நின்ற அதே பிளாக்.

தேர்வெழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆறாவது திருத்தத்தின்படி" என்று மட்டும் எழுதினால் பதில் பாதிதான். பதினான்காவது திருத்தத்தின் வழியாக அது மாநிலங்களையும் கட்டுப்படுத்தியது என்று சேர்த்து எழுத வேண்டும்.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தீர்ப்பு கிடியனை விடுதலை செய்யவில்லை. மறுவிசாரணைக்குத்தான் வழி விட்டது. அது 1963 ஆகஸ்டில், அதே ஊரில், அதே நீதிபதி முன்னால் நடந்தது. இந்த முறை பக்கத்தில் பிரெட் டர்னர் என்ற உள்ளூர் வழக்கறிஞர் இருந்தார். கிடியனை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநர், "என்னை ஏற்றியதை யாரிடமும் சொல்லாதே" என்று கிடியன் தன்னிடம் சொன்னதாகச் சாட்சி சொன்னார். கேட்டவுடன் குற்றவாளி மாதிரிதானே தோன்றும்? டர்னர் எழுந்து, இதற்கு முன்பும் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். ஏறும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார், வீட்டில் மனைவியோடு தகராறு என்றார் ஓட்டுநர். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள்.