வடிகாலும் அளவுகோலும்

கல்லணையில் காவிரி நான்கு வழியாகப் போகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். முதல் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளத்துக்கு, அதாவது வயல் தாங்காத தண்ணீரைக் கடலுக்கு அனுப்பும் வழி. நெட்வொர்க் ஸ்விட்ச்களுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஈதர்நெட்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாலு வழிதான் ஞாபகம் வரும். பகிர்ந்து கொடுக்கிற எந்த அமைப்புக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. மிஞ்சியதை எங்கே விடுவது? போனது எவ்வளவு என்று யார் அளப்பது? டெல்டா இவற்றோடு ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறது. ஈதர்நெட்டுக்கு இவை கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தன.

1973 மே 22 அன்று கலிஃபோர்னியாவின் ஸெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. யோசனை எளிமையானது. ஒரே கம்பி, அதில் எல்லாக் கணினிகளும். ஒருத்தர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். தெருக்குழாயடி மாதிரி. இதில் கண்காணிப்புக்குத் தனி ஏற்பாடே வேண்டாம். கம்பியில் எங்கே ஒரு கருவியை மாட்டினாலும் ஊர்ப்பேச்சு முழுக்கக் காதில் விழும்.

கணினிகள் பெருகியதும் குழாயடியில் சண்டை வந்தது. 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிரிட்ஜ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது தானே கற்றுக்கொள்ளும். தெரிந்த முகவரி என்றால் அந்தப் பக்கம் மட்டும் அனுப்பும். தெரியாத முகவரி, அல்லது எல்லாருக்குமான பிராட்காஸ்ட் என்றால் எல்லாப் பக்கமும் திறந்துவிடும். 1990ல் கல்பனா என்ற நிறுவனம் இதையே பல போர்ட்களுக்கு விரித்து ஈதர்ஸ்விட்ச் என்று விற்றது. கலிஃபோர்னியாக் கம்பெனிதான், ஆனால் நிறுவனர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994ல் சிஸ்கோ அதை வாங்கியது.

பிராட்காஸ்ட்டை ஒழித்துவிட முடியாது. "இந்த முகவரி யாருடையது?" என்று ஊருக்கே கேட்கிற ஏ.ஆர்.பி. இல்லாமல் ஒரு கணினி இன்னொன்றைக் கண்டுபிடிக்காது. ஆபத்து வட்டத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்விட்ச்களை இரண்டு கம்பிகளால் இணைத்தால் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிச்சுற்றி வரும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது, அதனால் அது தானாகச் சாகாது. ஒரு கிகாபிட் கம்பியில் வினாடிக்கு 14.88 லட்சம் சின்ன ஃபிரேம்கள் போகலாம். பிராட்காஸ்ட் என்பதால் அத்தனையையும் எல்லாக் கணினிகளும் திறந்து பார்த்தாக வேண்டும். இப்படி வட்டம் உருவாகாமல் தடுக்க 1985ல் ராடியா பெர்ல்மன் வகுத்த முறைதான் ஸ்பானிங் ட்ரீ. உபரிக் கம்பிகளை அது அடைத்து வைக்கும். வேண்டியபோது மட்டும் திறக்கும்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்விட்ச் வலை அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. வலை படுத்தது. பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டுகளும் சில நாட்களுக்குக் காகிதத்தில் ஓடின.

அதனால்தான் ஸ்விட்ச்களில் ஸ்டார்ம் கன்ட்ரோல் என்ற இரண்டாம் காவல். ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் மிச்சத்தைக் கீழே போட்டுவிடு. கல்லணை செய்வதும் இதே வேலைதான். கொள்ளிடம் தாழ்ந்தது, சரிவு அதிகம். விட்டால் காவிரித் தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும். அணை அதைத் தடுக்க வேண்டும், வெள்ளத்தில் வழியவும் விட வேண்டும். எந்த உயரத்தில் வழிவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1804ல் கேப்டன் கால்டுவெல் அணையின் மேல் கல் வைத்து உயர்த்தினார். மணல் சேர்ந்தது. பின்னால் வந்த ஆர்தர் காட்டன் மணல்போக்கி மதகுகள் அமைத்து, முக்கொம்பில் மேலணையும் கட்டினார். ஸ்டார்ம் கன்ட்ரோலிலும் இதே கஷ்டம். அளவைக் கூட்டி வைத்தால் புயல் உள்ளே வரும். குறைத்து வைத்தால் நியாயமான ஏ.ஆர்.பி.யும் சேர்ந்து சாகும், ஏனென்றால் நல்ல பிராட்காஸ்ட் எது கெட்டது எது என்று அந்தக் காவலுக்குத் தெரியாது.

இனி அளவுகோல். ஸ்விட்ச் வந்ததும் ஊர்ப்பேச்சு நின்றது, கூடவே கேட்கும் வசதியும் போனது. ஒரு போர்ட்டில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அதுதான் மிர்ரர் போர்ட். ஆனால் கிகாபிட் போர்ட்டில் போவதும் வருவதும் சேர்ந்தால் இரண்டு கிகாபிட். நகல் போகும் வழி ஒரு கிகாபிட். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது பாதி நகல் தொலையும். எப்போது பார்க்க வேண்டுமோ அப்போதுதான் கண் மங்கும். எண்ணிகளின் கதையும் இதேதான். பழைய 32 பிட் பைட் எண்ணி 429 கோடியைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். பத்து மெகாபிட் காலத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடித்தது, கிகாபிட்டில் 34 வினாடி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப்பார்ப்பவர் கையில் கிடைப்பது வெறும் பொய்க்கணக்கு. 64 பிட் எண்ணி வந்தது இதனால்தான்.

காவிரிக்கும் ஒரு மிர்ரர் போர்ட் உண்டு, பிலிகுண்டுலு. எல்லையில் இருக்கும் அந்த நிலையத்தில் அளப்பது மத்திய நீர் ஆணையம், இரண்டு மாநிலமும் இல்லை. 2007ல் நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி.யும், 2018ல் உச்ச நீதிமன்றம் குறைத்த 177.25 டி.எம்.சி.யும் அங்கே அளந்தால்தான் அர்த்தமாகும்.

அதே 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரவில்லை என்று கடைமடை விவசாயிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எல்லையிலும் மேட்டூரிலும் கணக்கு சரியாக இருக்கலாம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்று காயலாம்.

என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், நடுநாயகமான ஸ்விட்ச்சின் வரைபடம் அழகாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசி மாடியில் இருக்கும் கடைசி போர்ட்டின் எண்ணியை, அதிலும் கைவிடப்பட்ட ஃபிரேம்களை. தலைமதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வந்துவிடும். கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதை அங்கே போய்த்தான் அளக்க வேண்டும்.