பொகவந்தலாவைக் கல்லறையும் நம் வீட்டுச் சுவரும்

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் அடக்கமாகியிருக்கிறார். அருகே அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன். கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழு என்று பாடசாலையில் படித்தோமே, அந்தக் கமரூன்தான் இவர். ஆனால் உலகக் கலை வரலாறு நினைவில் வைத்திருப்பது மனைவியைத்தான்.

1815இல் கல்கத்தாவில் பிறந்த அம்மையார், 1863இன் இறுதியில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகள் பரிசளித்த கமெராவுடன் படம்பிடிக்கத் தொடங்கினார். டென்னிசனும் டார்வினும் அவர் முன் அமர்ந்தார்கள். 1875இல், குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் கப்பலேறியபோது, கையில் காசில்லாமல் சுமைதூக்கியவர்களுக்குத் தமது படங்களையே சன்மானமாகக் கொடுத்தாராம். அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் விஞ்ஞானி ஹேர்ஷலுக்கு அளித்த அல்பமோ, 1974இல் லண்டன் ஏலத்தில் 52,000 பவுணுக்குப் போனது. அது நாட்டைவிட்டுப் போகாதிருக்கப் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டியதாயிற்று.

1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் காலமானார். இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள், பெயர்தான் இல்லை.

அம்மையாரின் மூலப்படம் நமக்கு எட்டாக்கனி. ஆனால் அதே காலத்திலும் அதற்குப் பின்னரும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிறுவனத்தார் எடுத்த மலைநாட்டுப் படங்கள் ஏராளம். துரைமார் அவற்றை அல்பங்களில் ஒட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த அல்பங்கள் குலைந்து, படங்கள் தனித்தனியாகப் பிரித்தானியப் பழம்பொருட் சந்தைகளிலும் சிறு ஏலங்களிலும் விலைபோகின்றன. கமரூன் படத்தின் விலையோடு பார்த்தால் அற்பத் தொகைதான். லண்டனில் உறவினர் இருந்தால் தேடிப்பார்க்கச் சொல்லலாம்.

பிரதிதானே, மூலம் எப்படி ஆகும் என்று கேட்கக்கூடும். முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளி உப்பால் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டின் கீழ் வைத்து, வெயிலில் காட்டி எடுத்த படம் அது. ஒவ்வொன்றும் கைவேலை. பூதக்கண்ணாடியால் பாருங்கள்: புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பின்னாளைய அச்சு. மெல்லிய தாள் அட்டையில் ஒட்டப்பட்டு, கபில நிறமாய், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருந்தால் வாங்கலாம். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். வெயிலில் பிறந்த படம் வெயிலிலேயே அழியும்.

கலண்டர் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்வது, அழகுக்காக மட்டுமன்று. இப்படங்களின் கீழே ‘தமிழ்க் கூலிகள்’ என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கும். கொழுந்துக் கூடையோடு நிற்கும் அந்தப் பெண் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று வாங்கிய துரையும் கேட்கவில்லை, விற்கும் வியாபாரியும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய வீடுகள் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும்தான் இருக்கின்றன.