துண்டும் தெரிவும்

'இந்தத் தோட்டம் பிடிக்கலைன்னா அடுத்த தோட்டத்துக்குப் போயேன், யார் தடுத்தா?' இலங்கை மலையகத்தின் கூலிமுறையை நியாயப்படுத்திய பேச்சுகளின் சாரம் இதுதான். பிஜிக்குப் போனவர் ஐந்தாண்டுக்குக் கைநாட்டு வைத்த ஒப்பந்தக் கூலி. இலங்கைக்குப் போனவரோ 'சுதந்திர' உழைப்பாளி. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். சொல்லாமல் போனால் மட்டும் குற்றம், சிறை.

கிளம்பலாம், ஆனால் கடன்? வழிச்செலவு, முன்பணம் என்று ஊரிலிருந்து புறப்படும்போதே தலையில் ஏறியது அது. அங்கேதான் 'துண்டு' வருகிறது. இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு. புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடன் அவர் கணக்குக்கு மாறும். ஆள்பிடிக்கும் போட்டியில் முன்பணம் கூடக்கூடக் கடனும் கூடியது. கூலி தோட்டத்தைத் தெரிவு செய்தார். துண்டு கூலியை விற்றது.

ஜோசப் ராஸ் 1986இல் எழுதிய நூலில் குழியில் விழுந்த ஒருவனைக் காட்டுகிறார். இப்போது சாப்பிடலாமா அப்புறமா, காதைச் சொறியலாமா வேண்டாமா என்பதற்கு மேல் அவனுக்குத் தெரிவு இல்லை. தெரிவு இருந்தால் போதாது, வாழ்வை உருவாக்கும் தரம் அதற்கு வேண்டும் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் துண்டு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறது: தெரிவுகளின் பட்டியலை எழுதுவது யார்?

துண்டால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொடிய துரையிடமிருந்து தப்ப அதுவும் ஒரு வழி. அந்தச் சிறு வழியைப் பழிப்பது நம்மைப்போல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் அதை வைத்து அவர்களைச் 'சுதந்திரர்' என்றழைத்தது அதிகாரத்தின் சொல்லாடல்.

1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. பட்டியல் எழுதும் கை ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கணக்கை முடித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். விண்ணப்பப் படிவம் மக்கள் கைக்கு வந்தது எண்ணிக்கையை எழுதிய பிறகு. எந்த நாடு வேண்டும் என்று அப்போதுதான் கேட்டார்கள். இந்தியாவைக் கேட்டவர்கள் அதற்கு ஒதுக்கிய எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இரண்டு கதவைத் திறந்துவைத்து 'உன் இஷ்டம்' என்பவரிடம் நாம் கேட்க வேண்டியது எந்தக் கதவு நல்லது என்றல்ல. நிற்கிற இடத்திலேயே, கடனில்லாமல், உரிமையோடு நிற்கும் தெரிவைப் பட்டியலிலிருந்து எடுத்தது யார் என்று கேட்போம்.