காற்றை விற்ற கதை

சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. வங்கி வேலை என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கும் இடம் நிக்கோபாரின் கட்சால் தீவு. இங்கே தமிழ் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை ரப்பர் தோட்ட வேலைக்காக அரசு இங்கே குடியமர்த்தியது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் போன வாரம் கவுண்டருக்கு வந்தார்.

"சார், ரப்பர் மரத்துக்கு கார்பன் காசு வருதாமே? மெயின்லேண்ட்லேர்ந்து ஒருத்தன் போன்ல பேசுறான். பேரு பதிய ஆளுக்கு ரெண்டாயிரம் கேக்குறான். கட்டலாமா?"

"கட்டாதீங்க ஐயா" என்றேன். ஏன் என்று கேட்டார். கவுண்டரில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஓர் ஒப்பந்தம் ஆனது. பணக்கார நாடுகள் தங்கள் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. ஆனால் அவர்கள் ஊரில் குறைப்பதற்குச் செலவு அதிகம். அதற்கு ஒப்பந்தத்தின் 12-வது பிரிவு ஒரு வழி சொன்னது. நம்மைப் போன்ற நாட்டில் ஓர் ஆலை ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால், அதற்கு ஒரு சான்றிதழ். அதை அவர்கள் வாங்கித் தங்கள் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ்தான் கார்பன் கிரெடிட்.

இந்தியா 2002-ல் இந்த ஒப்பந்தத்தை ஏற்றது. திட்டங்களுக்கு அனுமதி தர 2003 டிசம்பரில் ஓர் ஆணையம் வைத்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள் 2005 பிப்ரவரி 16. கட்சாலைச் சுனாமி புரட்டிப்போட்டு அன்றைக்கு 52-வது நாள். (சுனாமிக்கும் புவி வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை, அது பூகம்பத்தால் வந்தது. இந்தத் தீவுக்காரர்களுக்கு நாள் மனதில் நிற்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.)

அதே 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆலைகளுக்கு உச்சவரம்பு விதித்தது. வரம்பு மீறினால் அபராதம். வரம்புக்குள் வர நம் சான்றிதழையும் ஓரளவு காட்டலாம். ஆக, அந்தக் காகிதத்துக்கு விலை வந்தது அங்கே ஒரு சட்டம் அதைக் கேட்டதால். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் கடன் பிரிவில் இருந்தேன். நூற்பாலைக்காரர்கள் எல்லாம் காற்றாலை போட்டுக்கொண்டிருந்த காலம். முதல் வருடமே 80 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், மின்கட்டணமும் மிச்சம். தனித்தனியாக கிரெடிட் வாங்கச் செலவு கட்டாது என்பதால், தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒன்றாகக் கட்டி ஒரே திட்டமாகக் கொண்டுபோனது.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு: "கார்பன் காசு இல்லாவிட்டால் இந்தத் திட்டமே நடந்திருக்காது" என்று நிரூபிக்க வேண்டும். தேய்மானத்துக்காகவே காற்றாலை வைத்தவரும் இதற்குத் தாள் தாளாகக் கணக்கு எழுதினார்.

2008 மத்தியில் ஒரு கிரெடிட் 20 யூரோவைத் தாண்டியது. ஒரு சிறிய ஆலையின் கடன் மனு என் மேசைக்கு வந்தது. கார்பன் வரவை டன்னுக்கு 12 யூரோ என்று போட்டிருந்தார்கள். 20 விற்கும்போது 12 என்பது ஜாக்கிரதையான கணக்கு என்று குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

விலை விழுந்த விதத்தைப் பாருங்கள். 2008 பொருளாதார மந்தத்தில் ஐரோப்பிய ஆலைகளின் உற்பத்தி குறைந்தது, புகையும் தானாகக் குறைந்தது. வாங்க ஆளில்லை. இன்னொரு பக்கம் சரக்கு வந்து குவிந்தது. குளிரூட்டி வாயு தயாரிக்கும்போது துணைப்பொருளாக ஹெச்.எஃப்.சி-23 வரும். ஒரு டன் ஹெச்.எஃப்.சி-23-க்கு 11,700 டன் கரியமில வாயு என்று அப்போது கணக்கு. அதை எரித்தே கிரெடிட்டை அள்ளினார்கள். எரிப்பதில் வரும் காசுக்காகவே கூடுதலாகத் தயாரிக்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. 2013 மே முதல் அந்த வகையை ஐரோப்பா ஏற்கவில்லை. 2012-க்குப் பிறகு பதிவான புதிய திட்டங்களில் மிகப் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே ஏற்றது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

2012 முடிவதற்குள் விலை ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அந்த ஆலைக்கு கிரெடிட் கைக்கு வந்தபோது, சரிபார்க்க வந்தவரின் கட்டணத்துக்கே அது காணவில்லை. கடனை இரண்டு முறை தவணை மாற்றிக் கொடுத்தோம். அந்தக் கோப்பில் என் கையெழுத்து இன்னும் இருக்கும்.

காசு விழுந்த பிறகு வரி வழக்கு தீர்ந்தது! கார்பன் வரவு மூலதன வரவு, வருமானம் ஆகாது என்று 2014-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் மை ஹோம் பவர் வழக்கில் சொன்னது. 2017 நிதிச் சட்டம் அதற்கு 10 சதவீத வரி போட்டது.

அந்த ஹெச்.எஃப்.சி-23 என்ன ஆனது? 2016 அக்டோபரில் மத்திய அரசு அதைத் தயாரிப்பவர்கள் சொந்தச் செலவிலேயே எரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கிரெடிட் கொடுத்து எரிக்கச் சொன்ன அதே வாயுவுக்குக் கடைசியில் ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

இப்போது நம் நாட்டிலேயே சந்தை வருகிறது. 2022-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகித ஆலைகளுக்கு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு வாயு என்று இலக்கு வைத்தார்கள். நல்ல விஷயம்தான். இந்த முறை வாங்கச் சொல்லும் சட்டம் நம் கையில் இருக்கிறது.

சரி, பெரியவர் கேட்டதற்கு வருகிறேன். மரங்கள் பல வருடங்களாக நிற்கின்றன, கார்பன் காசுக்காக யாரும் நடவில்லை. தோட்டம் அரசு போட்டது. பால் வெட்டியவருக்குக் கிடைத்தது கூலி, மரம் அவருடையதல்ல. தன்னுடையதல்லாததை எப்படி விற்பது? இதெல்லாம் தெரிந்தவன் ரெண்டாயிரம் கேட்கமாட்டான்.

நேற்று அவரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "மூணு வீட்ல கட்டிட்டாங்களே சார்" என்றார்.

கட்சாலில் உங்களுக்கு உறவு இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.