ஹேக்லர் – லெனார்ட் குத்துச்சண்டை (1987)

ஹேக்லர் – லெனார்ட் குத்துச்சண்டை, 1987 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில் நடந்த உலக மிடில்வெயிட் பட்டப் போட்டி. 12 சுற்றும் முழுதாக நடந்த இந்தச் சண்டையில், நடப்புச் சாம்பியன் மார்வெலஸ் மார்வின் ஹேக்லரைச் சுகர் ரே லெனார்ட் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். புள்ளி நடுவர்களில் டேவ் மொரெட்டி 115–113 என்று லெனார்டுக்கும், லூ ஃபிலிப்போ அதே 115–113 என்று ஹேக்லருக்கும், ஹோசே ஹுவான் கெர்ரா 118–110 என்று லெனார்டுக்கும் எழுதினார்கள். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. சண்டையை ஒரே காட்சியாக நினைவில் வைத்திருப்பவர் ஹேக்லரை வெற்றியாளராகச் சொல்வதும், ஒவ்வொரு சுற்றாக நிறுத்தி எண்ணுபவர் லெனார்ட் பக்கம் சாய்வதும் வழக்கமாக இருக்கிறது. விதி கேட்பது இரண்டாவது கணக்கைத்தான். அந்தக் கணக்கில் லெனார்டின் வெற்றி மயிரிழையில் வந்தது, ஆனாலும் முறையாக வந்தது.

ஹேக்லர் 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்டரை வீழ்த்திப் பட்டம் பெற்றவர். அதன்பின் 12 முறை அதைக் காத்தார். 1976க்குப் பிறகு அதுவரை அவர் யாரிடமும் தோற்றிருக்கவில்லை. லெனார்டோ எடை குறைந்த வெல்டர்வெயிட் பிரிவில் புகழ்பெற்றவர். 1982இல் விழித்திரை பிரிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அதற்குப் பின் ஐந்தாண்டுகளில் அவர் ஆடியது ஒரே ஒரு சண்டை. 1984இல் நடந்த அதிலும் ஒருமுறை தரையில் விழுந்து எழுந்துதான் வென்றார். இப்படிப்பட்டவர் பேச்சுவார்த்தை மேசையில் கேட்டவை மூன்று: சண்டை 15 சுற்று அல்ல, 12 சுற்று, கையுறை 10 அவுன்ஸ், ரிங் பெரியதாக இருக்க வேண்டும். நீண்ட நேரம், சிறிய இடம், கனமான அடி ஆகியவற்றில் வாழ்ந்த ஹேக்லர் மூன்றுக்கும் சம்மதித்தார். பதிலுக்கு அவருக்கு 1.2 கோடி டாலர் உறுதியானது, லெனார்டுக்கு 1.1 கோடி. கூடுதல் பணத்துக்காகச் சண்டை நடக்கும் நிலத்தையே விட்டுக்கொடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

ரிங்குக்குள் அவர் விட்டுக்கொடுத்தது அதைவிடப் பெரிது. வலக்கையை முன்னே வைத்து ஆடும் இடக்கை நிலைதான் ஹேக்லரின் இயல்பு. எதிராளிகள் அஞ்சியதும் அதைத்தான். அன்று அவர் அதை மாற்றி, வழக்கமான வலக்கை நிலையில் தொடங்கினார். லெனார்ட் சுற்றிச்சுற்றி நகர்ந்து, தொட்டுவிட்டு விலகினார். முதல் இரண்டு சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஒருமனதாக லெனார்டுக்கே கொடுத்தார்கள். 15 சுற்றுச் சண்டையில் இந்தக் கடனை அடைக்க நேரம் இருந்திருக்கும். 12இல் இரண்டு என்பது ஆறில் ஒரு பங்கு. ஐந்தாம் சுற்றில் மேல்நோக்கி வீசிய குத்தால் ஹேக்லர் லெனார்டை உலுக்கினார். அங்கிருந்து சண்டை சமநிலைக்கு வந்தது. ஒன்பதாம் சுற்று இருவரும் மூலையில் நின்று மாறி மாறி அடித்துக்கொண்ட சுற்று. களைத்துப்போன லெனார்ட் விழுந்துவிடுவார் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும் திருப்பி அடித்தார். பின்பாதியில் அவர் அடிக்கடி கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினார். களநடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எச்சரித்ததோடு நிறுத்திக்கொண்டார், புள்ளியைக் குறைக்கவில்லை. ஹேக்லர் தரப்புக்கு இதில் உண்மையான மனக்குறை உண்டு. தீர்ப்பைப் பற்றி அவர்கள் எழுப்பிய மற்றக் குறைகளைவிட இது வலுவானதும்கூட.

பத்துப் புள்ளி முறையில் ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. நூலிழையில் வென்றாலும் 10–9, மூன்று நிமிடமும் எதிராளியைத் திணறடித்தாலும், கீழே தள்ளாதவரை, அநேகமாக அதே 10–9. ஒரு சுற்றின் மிச்சம் அடுத்த சுற்றுக்குப் போகாது. எனவே மொத்தத்தில் அதிக வேதனை கொடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் புள்ளிச் சீட்டில் இடமே இல்லை. லெனார்ட் இதை அறிந்தே திட்டமிட்டார். ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் அவருடைய மூலையில் இருந்தவர்கள் நேரத்தைக் கூவிச் சொல்ல, அவர் சடசடவென்று குத்துமழை பொழிந்தார். நடுவர் பேனாவை எடுக்கும் நேரத்தில் கண்ணில் நிற்பது அந்தக் காட்சிதானே.

இதுவே மாயவித்தை என்பது முதல் மறுப்பு: அடி விழாமலே விழுந்ததுபோல் காட்டினார், நடுவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் கணினி உதவியுடன் எடுக்கப்பட்ட குத்துக் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. லெனார்ட் வீசியது 629, பட்டது 306. ஹேக்லர் வீசியது 792, பட்டது 291. வெறும் பகட்டுக்காரரின் குத்துகளில் ஏறத்தாழ பாதி இலக்கைத் தொட்டிருக்காது. அதே சமயம் இந்த எண்களுக்கு மேல் கட்டடம் எழுப்பவும் முடியாது. 15 குத்து வேறுபாடு 12 சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகம். குத்தின் கனத்தை இந்தக் கணக்கு எடை போடுவதில்லை. மேலும், சுற்றே அலகு என்று வாதிட்டுவிட்டு மொத்தக் கூட்டலைச் சான்றாகக் காட்டுவது முரண்பாடு. இவை லெனார்ட் வென்றார் என்று நிறுவுவதில்லை, அவர் அடிக்கவே இல்லை என்ற குற்றச்சாட்டை மட்டும் தள்ளுகின்றன. ஹேக்லர் முன்னேறிக்கொண்டே இருந்தார் என்பதும் தனியே நிற்காது. விதி மதிப்பது பயன் தரும் முன்னேற்றத்தை. வீசியதில் 501 குத்து காற்றில் போன முன்னேற்றத்தை நடுவர் எப்படி எடுத்துக்கொள்வது?

சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வேண்டுமானால் ஐயத்துக்கு இடமின்றி வெல்ல வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் பல தலைமுறையாகப் புழங்கும் இந்தப் பேச்சு விதிப்புத்தகத்தில் இல்லை. இதை நீதி என்று ஏற்றுக்கொண்டால் ஹேக்லரின் பழைய காயத்தையும் ஏற்க வேண்டியிருக்கும். 1979 நவம்பரில் இதே சீசர்ஸ் பேலஸில், அன்றைய சாம்பியன் விட்டோ அன்டுவோஃபெர்மோவுடன் 15 சுற்று ஆடிய அவருக்குக் கிடைத்தது சமன் என்ற தீர்ப்பு. பட்டம் பழையவரிடமே தங்கியது. லாஸ் வேகஸ் நடுவர்களிடம் தமக்கு நீதி கிடைக்காது என்ற நினைப்பு அன்றே அவருக்குள் வேர்விட்டது.

கெர்ராவின் சீட்டை யாரும் தற்காப்பதில்லை, தற்காக்கவும் முடியாது. 118–110 என்றால் பத்துச் சுற்று லெனார்டுக்கு, இரண்டு மட்டும் ஹேக்லருக்கு. ஒன்பதாம் சுற்றைப் பார்த்த எவரும் இந்த இடைவெளியை நம்பமாட்டார். ஆனால் முடிவை அந்தச் சீட்டின் அளவு தீர்மானிக்கவில்லை. அவரும் 115–113 என்று எழுதியிருந்தால் விளைவு மாறியிருக்காது. முடிவு தொங்கியது மொரெட்டியின் சீட்டில். அதில் ஒரே ஒரு சுற்று கைமாறியிருந்தால் 114–114. அப்போது ஆளுக்கொரு சீட்டும் ஒரு சமனுமாகப் போட்டி சமனாகி, பட்டம் ஹேக்லரிடமே இருந்திருக்கும். இதில் இன்னொரு கசப்பும் உண்டு. கெர்ரா அந்த நாற்காலிக்கு வந்தது, இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ் வேண்டாம் என்று ஹேக்லர் தரப்பு மறுத்ததால். தாம் அந்தச் சண்டையை ஹேக்லருக்கே கொடுத்ததாகக் கிப்ஸ் பின்னர் சொன்னார். ஹேக்லர் அதற்குப் பிறகு ரிங்கில் இறங்கவில்லை. மறுபோட்டி அமையாத நிலையில் 1988இல் ஓய்வை அறிவித்து, இத்தாலியில் குடியேறித் திரைப்படங்களில் நடித்தார். 2021 மார்ச் 13 அன்று இறக்கும்வரை, அன்று வென்றது தாமே என்றே சொல்லிவந்தார்.