முக்கோண வலையும் மலையக நிலமும்: வலைப் பெயர்ப்பின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு எம்மிடையே பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களையும் ஆண்டுகளையும் நிரல்படுத்தும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்கப்படும் கருவி தன் வரலாற்றின் பாதியை மறைத்தே நிற்கும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, பொறியியலாளரின் மேசைக்கு அப்பால் அதிகம் பேசப்படாத ஒரு சிறு தொழிற்பாட்டினை: ஒரு கணினி நிரலில் அமைக்கப்பட்ட வலையை இன்னொரு நிரலுக்குப் பெயர்த்தல். மலையகத்தின் நில வரலாற்றோடு சேர்த்து நோக்குமிடத்து, பெயர்ப்பில் எது கடந்து செல்கிறது, எது கைவிடப்படுகிறது என்னும் வினா தொழில்நுட்ப வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

1

அணை, பாலம், மலைச்சரிவு போன்ற ஒரு பொருள் பாரத்தின் கீழ் எவ்வாறு வளையும், எங்கே உடையும் என்பதை ஒரே சமன்பாட்டினால் அறிதல் அரிது. எனவே அப்பொருளை முக்கோணம், நான்முகி முதலிய சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, அனைத்தையும் ஒருங்கு சேர்த்துத் தீர்ப்பர். இதுவே முடிவுறு மூலக முறை. துண்டுகள் மூலகங்கள், அவை ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகள் கணுக்கள், இவை இரண்டும் சேர்ந்தது வலை. 1943இல் கணிதவியலாளர் கூரான்ட் முக்கோணப் பகுப்பின் அடிப்படையை எடுத்துக்காட்டினார். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டொப் ஆகியோர் விமானக் கட்டமைப்பின் தேவையையொட்டி இம்முறையை வளர்த்தனர். 1960இல் கிளஃப் அதற்கு இன்றைய பெயரை இட்டார். பனிப்போர்க் காலத்து விமான, விண்வெளித் தொழில்களே இதன் வளர்ப்புத்தாய் எனலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் முதலீட்டில் நாஸ்ட்ரான் உருவாயிற்று. 1970இல் அன்சிஸ் நிரலின் நிறுவனமும், 1978இல் அபக்கஸ் நிரலின் நிறுவனமும் தோன்றின.

ஒவ்வொரு நிரலும் தனக்கெனக் கோப்பு வடிவமொன்றைக் கொண்டிருந்தது. நாஸ்ட்ரான் கோப்பின் ஒவ்வொரு வரியும் துளையட்டையின் 80 எழுத்திடங்களை எட்டெட்டாகப் பகுத்த அமைப்பை இன்றும் நினைவூட்டுகின்றது. இவ்வடிவ வேறுபாடு தற்செயலாகத் தோன்றியிருக்கலாம். ஆயின் சந்தையில் அது வேலியாகப் பயன்பட்டது. ஒரு நிரலில் வலை அமைத்தவர் மற்றொன்றுக்குச் செல்ல வேண்டின், அவ்வேலியைத் தாண்டும் உழைப்பைத் தாமே செலுத்த வேண்டியிருந்தது.

2

அவ்வுழைப்பின் இன்றைய வடிவமே ஸ்கிரிப்ட். பைதன் மொழியில் ஒருசில பக்கங்களுக்குள் அடங்கும் கட்டளைத் தொகுதி அது. பழைய கோப்பிலிருந்து கணுக்களின் எண்களையும் ஆள்கூறுகளையும் வாசித்து, மூலகங்களின் வகைப்பெயரை மாற்றி, புதிய கோப்பின் இலக்கணப்படி எழுதித் தரும். இலக்கணம் என்னும் சொல்லை நாம் வெறும் உவமையாகக் கையாளவில்லை. சொல்லொழுங்கு போலவே இங்குக் கணுவொழுங்கும் பொருளை நிர்ணயிக்கின்றது. பத்துக் கணுக்கள் கொண்ட நான்முகியை எடுத்துக்கொள்வோம். ஜிமெஷ் என்னும் கட்டற்ற நிரலும் அபக்கஸும் முதல் எட்டுக் கணுக்களை ஒரே ஒழுங்கில் எண்ணுகின்றன. இறுதி இரண்டும் தம்முள் இடம் மாறியுள்ளன. அவற்றைத் திருப்பி எழுதாத ஸ்கிரிப்ட், ஒவ்வொரு நான்முகியையும் முறுக்கிவிடும்.

இத்தகைய பிழை பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பெயர்கள் விடுபடும் பிழையோ அவ்வாறன்று. அணையின் அடித்தளம் எது, நீர் அழுத்தும் முகம் எது, எம்மூலகங்கள் பாறை, எவை மண் என்பன கணுக்களையும் மூலகங்களையும் பெயரிட்டுத் தொகுப்பதன் வழியே குறிக்கப்படுகின்றன. புதிய வடிவத்தில் அப்பெயர்களுக்கு இடமில்லையெனின், அல்லது ஸ்கிரிப்ட் எழுதியவர் அவற்றைத் தேவையற்றவை எனக் கருதினால், அவை சத்தமின்றி மறையும். திரையில் வலை பழையபடியே தோன்றும்; ஒரு கணுவும் குறைந்திராது. பொருள் மட்டும் போயிருக்கும்.

3

மலையகத்தின் மீது வலை விரிக்கப்பட்டது கணினிக்கு நெடுங்காலம் முன்னராகும். 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை முழுவதையும் முக்கோணங்களாக அளந்தது. சிகரங்களே அதன் கணுக்கள். நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுறுதலாகலையே நாட்டின் வரைபட ஆள்கூறுகளுக்கு உற்பத்தித்தானமாக அமைந்தது. பழைய யார் அளவு முறையில் அச்சிகரத்திற்கு இடப்பட்ட எண் கிழக்கிலும் வடக்கிலும் 176,000. அதாவது ஏறத்தாழ 100 மைல். மீற்றர் முறையில் அது 200,000 ஆயிற்று. செய்மதி அளவீடுகளைக் கொண்டு 1999இல் வகுக்கப்பட்ட முறையில் 500,000 ஆயிற்று. மலை அசையவில்லை, எண்கள் இருமுறை மாறின. கந்தவளைத் தளத்தைக் கொண்ட பழைய முறையின் அகலாங்கு, நெட்டாங்குகளை மாற்றமின்றிச் செய்மதி முறையில் இட்டால், புள்ளி 200 மீற்றருக்கு மேல் விலகிவிழும். தோட்டமொன்றில் இஸ்டோருக்கும் லயத்துக்கும் இடையிலான தூரம் அவ்வளவே இருக்கலாம்.

இவ்வளவையின் வர்க்கப் பின்புலம் தெளிவானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. விற்கப்படும் நிலத்துக்கு எல்லை வேண்டும். எல்லைக்கு அளவை வேண்டும். கோப்பியும் அதன் பின் தேயிலையும் அவ்வளவை விரித்த கட்டங்களுக்குள்ளேயே நடப்பட்டன. தோட்ட வரைபடம் மலையை எண்ணிட்ட துண்டுகளாக்கியது. 'அஞ்சாம் நம்பர் மலை' என்னும் வழக்கு அதன் எச்சம். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளியின் டின் டிக்கெட்டிலும் அவர் சேரவேண்டிய தோட்டத்தின் எண்ணே பொறிக்கப்பட்டிருந்தது. செக்ரோலில் அவர் ஒரு வரி.

இவ்வலை பல முறை கைமாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் மலைகளின் பரப்பும் இஸ்டோரும் பங்களாவும் ஒழுங்காகக் கடந்து சென்றன. லயத்துக் காம்பராவில் தலைமுறைகளாக வாழ்ந்தவருக்கோ அது தனிக் காணித்துண்டாகப் பதிவாகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலாரைக் குடிமக்கள் பதிவிலிருந்தே நீக்கியிருந்தது. ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் 2015க்குப் பின்னர் நடைமுறைக்கு வந்த போதிலும், பல்லாயிரம் குடும்பங்களுக்கு லயமே இன்றும் முகவரி.

பதிவேடுகள் கைவிட்டதை வாய்மொழி ஓரளவு காத்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்களின் பாடல்களை இலக்கிய மாணவர் நாட்டார் வழக்காறாக மட்டும் கற்பது போதாது. எண்ணாக எழுதப்பட்டோர் தம்மை மனிதராகப் பதிந்துகொண்ட ஆவணமாகவும் அவை கொள்ளத்தக்கன.

4

இவ்வொப்புமை வெறும் அணியன்று. முக்கோண அளவை தந்த அதே ஆள்கூறுகளே இன்று மலைச்சரிவின் வலைக்குள் செல்கின்றன. 1986ஆம் ஆண்டின் மண்சரிவுகளைத் தொடர்ந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஆபத்து வரைபடங்களைத் தயாரித்தது. குறித்தவொரு சரிவை ஆராய்வோர் சமவுயரக் கோடுகளிலிருந்து வலை பின்னி, அதனைக் கணிப்பு நிரலுக்குப் பெயர்த்து, மண்ணின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்து, சரிவு எந்நிலையில் நிலைகுலைகிறது என்று பார்க்கலாம். அவ்வலை எங்கே வெட்டி நிறுத்தப்படுகிறது? சரிவின் அடிவாரத்தோடு நின்றால், அதற்குக் கீழே பள்ளத்தில் உள்ள லயம் கணிப்புக்கு வெளியே நிற்கும். உள்ளே வந்தாலும், பெயரிட்ட தொகுதியாக வராவிடின், விடையில் லயத்துக்குத் தனி வரி இராது.

ஹற்றனுக்கு அருகே வட்டவளையில் 1992இல் மண் நகர்ந்து இருப்புப்பாதையைப் பாதித்த பொழுது, நிலத்தடி நீரை வடிக்கும் நீண்ட துளைகள் இடப்பட்டன. இருப்புப்பாதை எல்லா வரைபடங்களிலும் பெயருள்ள பொருள். ஊவாவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை ஏற்றுச் செல்வதற்குரிய காணி மட்டும் அம்மக்களிடம் இருக்கவில்லை. அறிவு இருந்தும் அது செயலாக மாறாமைக்குக் காரணம் சூத்திரத்தில் இல்லை, நிலவுடைமையில் உள்ளது.

எனவே இரு கடமைகள் எம்முன் உள்ளன. முதலாவது, மலையகச் சரிவுகளைக் கணிப்போர், லயம், பாடசாலை, பிள்ளைக் காம்பரா ஆகியவற்றை மக்கள் வழங்கும் பெயராலேயே தனித் தொகுதிகளாக வலையில் இடுதலும், பெயர்ப்பின் முன்னும் பின்னும் அத்தொகுதிகளை எண்ணிச் சரிபார்த்தலும் ஆகும். இதற்குச் சில வரி ஸ்கிரிப்ட் போதும். ஜிமெஷ் போன்ற கட்டற்ற நிரல்கள் எமது பல்கலைக்கழக மாணவருக்கும் எட்டக்கூடியன. இரண்டாவது, அப்பெயர்கள் காணிப் பதிவேட்டிலும் உறுதிப்பத்திரமாக ஏறுதல் ஆகும். முதலாவதைப் பொறியியலாளர் செய்யலாம். இரண்டாவதற்குத் தொழிலாளரின் அமைப்புப் பலம் வேண்டும். இரண்டாவது கைகூடாதவரை, மிகத் திருத்தமான கணிப்பும் போக்கிடமற்றவருக்கு விடுக்கப்படும் இன்னோர் எச்சரிக்கையாகவே முடியும்.