திக்கும் தூரமும்

பௌதிகப் பாடப் புத்தகத்தைத் திறக்கும் மாணவனுக்கு முதற் சில பக்கங்களிலேயே வெக்டர் அறிமுகமாகிறது. அளவோடு திக்கும் சேர்ந்தாலொழிய அது நிறைவு பெறாது என்றும், ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்றைத் தொடங்கி வரைந்து இரண்டைக் கூட்ட வேண்டும் என்றும், எதை முதலில் வைத்தாலும் விடை மாறாது என்றும் ஆசிரியர் சொல்ல, அவன் மனனம் செய்துகொள்கிறான். டப்ளின் நகரத்துக் கணித மேதை ஹாமில்டன் 1840-களில் இட்ட பெயர் அது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் கிப்ஸ் 1881-இல் தம் மாணாக்கருக்காக அச்சிடத் தொடங்கிய சிறு நூலில், இன்று நாம் பழகும் உருவத்தை அது பெற்றது. ஆயினும் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பியப் பாய்க்கப்பல்களின் மேல்தட்டில், எழுத்தறியாத மாலுமிகளும் அரைகுறையாக எழுத்தறிந்த மாலுமிகளும் இந்தக் கூட்டலை நாள் தவறாமல் செய்து, அதன் விடையை நம்பியே உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கானுக்கு அருகே ஒரு மரப்பலகை இருக்கும். திசைகாட்டியின் 32 திக்குகளும் அதில் ஆரங்களாகத் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆரத்திலும் உள்ளிருந்து வெளியே எட்டுத் துளைகள். நடுவில் நூலால் கட்டிய எட்டுச் சிறு மர முளைகள். மணற்கடிகாரம் ஒருமுறை வடிய அரைமணி நேரம் ஆகும். அது வடிந்தவுடன், அந்த அரைமணியில் கப்பல் எந்தத் திக்கை நோக்கிச் சென்றதோ அந்த ஆரத்தின் துளையில் சுக்கான் பிடிப்பவன் ஒரு முளையைச் செருகுவான். முதல் முளை உள் துளையில், அடுத்தது அதற்கு வெளியே, இவ்வாறு நான்கு மணி நேரக் காவல் முடியும்போது எட்டு முளைகளும் தத்தம் இடத்தில் நிற்கும். பலகையின் அடிப்பாகத்திலுள்ள வேறு துளைவரிசைகள் வேகத்துக்கு உரியவை. மழையும் இருட்டும் அலையும் மிகுந்த இடத்தில் மையும் காகிதமும் உதவா. விரலால் தடவியே படிக்கக்கூடிய இந்தப் பலகை எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை, கொட்டும் மழையில் ஒரு கடிதத்தைப் படிக்க முயன்றவர் எவரும் ஒப்புவர்.

வேகத்தை அறிந்த முறையை வில்லியம் போர்ன் என்பவர் 1574-இல் வெளியிட்ட நூலில் முதன்முதலாக விவரித்தார். அடியில் ஈயம் பதித்த சிறு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்திலிருந்து கடலில் எறிவார்கள். அது நீரில் நிமிர்ந்து நின்றுவிட, கப்பல் அதைவிட்டு விலகிச் செல்லச் செல்லக் கயிறு ஓடும். அரைநிமிஷ மணற்கடிகாரம் வடிவதற்குள் கயிற்றிலிட்ட முடிச்சுகளில் எத்தனை கைவழியே நழுவின என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். மைலுக்கு 5000 அடி என்று கொண்டு முடிச்சுகளை 42 அடி இடைவெளியில் போட்டு வந்தனர். ரிச்சர்ட் நார்வுட் என்னும் ஆங்கிலேயர் 1633-இலும் 1635-இலும் லண்டனிலும் யார்க்கிலும் சூரியனின் உயரத்தை அளந்து, இடைப்பட்ட வழியைச் சங்கிலியாலும் காலடியாலும் அளந்து, கடல் மைல் 6120 அடி என்று 1637-இல் அறிவித்தார். அப்படியும் பலர் பழைய கயிற்றை விடவில்லை. அது கப்பலை உள்ள இடத்துக்கு முன்னே தள்ளிக் காட்டுமாதலால், கரை சமீபித்துவிட்டதென்ற ஜாக்கிரதை முன்கூட்டியே பிறக்குமல்லவா!

திக்கும் தூரமும் கிடைத்துவிட்டன. இனிக் கூட்ட வேண்டியதே பாக்கி. வெனிஸ் நகரத்து ஆந்த்ரேயா பியான்கோ 1436-இல் வரைந்த கடற்படத் தொகுப்பில் இதற்கென ஓர் அட்டவணை இருக்கிறது. அந்நகரத்துக் கப்பல்களில் துடுப்புப் போடுபவராக வாழ்வைத் தொடங்கிய ரோட்ஸ் தீவின் மைக்கேலும், 1434-இல் தொடங்கிய தம் கையேட்டில் இதனை எழுதி வைத்திருக்கிறார். போக விரும்பிய திக்கிலிருந்து கப்பல் ஒரு திக்கு அளவு விலகி 100 மைல் சென்றால், முன்னேற்றம் 98, பக்கவாட்டு விலகல் 20. இரண்டு திக்கானால் 92-ம் 38-ம். நான்கானால் இரண்டும் 71. இன்றைய மாணவன் சைன், கோசைன் என்று கற்கும் கூறுபடுத்தலை, கோணத்தின் கணிதத்தைக் கேள்விப்படாத மாலுமி மனப்பாடமாகவே வைத்திருந்தான்.

கப்பல் வடக்கிலிருந்து கிழக்காக இரண்டு திக்கு சாய்ந்து 40 மைலும், பின்னர் வடமேற்கில் 30 மைலும் சென்றதாகக் கொள்வோம். முதல் ஓட்டம் வடக்கே 37, கிழக்கே 15. இரண்டாவது வடக்கே 21, மேற்கே 21. ஆக வடக்கே 58, மேற்கே 6. கயிறு அளந்தது 70 மைல். கப்பல் உண்மையில் பெயர்ந்ததோ 58 மைலுக்குச் சற்று மேல். எதிர்த் திக்குகள் ஒன்றையொன்று விழுங்கிவிடுவதும், புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பினால் எத்தனை மாதம் அலைந்திருந்தாலும் கூட்டுத்தொகை பூஜ்யமாவதும் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்ற இந்த இரண்டு கூட்டல்களிலேயே கண்கூடாகின்றன.

ஆனால் கயிற்றுக்கும் பலகைக்கும் அகப்படாத ஒரு வெக்டர் உண்டு. 1513-இல் போன்ஸ் தே லியோன், வழிகாட்டி அலமினோஸுடன் பிளாரிடாக் கரையோரம் தெற்கே சென்றபோது, பாய்களில் நல்ல காற்று நிறைந்திருந்தும் கப்பல்கள் பின்னோக்கி இழுக்கப்பட்டன. நாம் இன்று வளைகுடா நீரோட்டம் என்பது அதுவே. மரத்துண்டும் அதே நீரில் மிதப்பதால் நீரோடு தானும் நகரும். அளவையில் எள்ளளவும் குறை தோன்றாது. கண்ணுக்குப் புலப்படும் கரையையோ நட்சத்திரத்தையோ கொண்டு கண்ட இடத்துக்கும், கணக்குச் சொன்ன இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் அம்பாக வரைந்தே நீரோட்டத்தின் திக்கையும் வலிமையையும் மாலுமிகள் அறிந்தனர். கழித்தல் அவர்களுக்கு இவ்வாறு கைவந்தது.

கூட்டும் வரிசை முக்கியமன்று என்ற விதிக்கும் சமுத்திரம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. பூமத்திய ரேகையில் தொடங்கி 600 கடல் மைல் மேற்கேயும், பிறகு 3600 மைல் வடக்கேயும் செல்பவர் 10 பாகை மேற்கில், 60-ஆவது அட்சரேகையில் நிற்பார். வடக்கே முதலில் சென்று அதே 600 மைலை மேற்கே போகிறவரோ, அங்கே தீர்க்கரேகைகள் பாதியாக நெருங்கிவிட்டமையால், 20 பாகை மேற்கை அடைவார். இருவருக்கும் இடையே 300 மைல் கடல். பாடப் புத்தகம் தட்டையான காகிதத்தில் படம் வரைவதால் இதைச் சொல்ல அதற்கு அவசியம் நேர்வதில்லை. மாலுமிக்கு நேர்ந்தது. ஒரு நாள் ஓட்டம் 200 மைலைத் தாண்டுவது அரிதாகையால் அந்தச் சிறு பரப்பைத் தட்டையெனவே பாவித்து, நண்பகலில் கூட்டி முடித்து, மேற்கு கிழக்கு மைல்களை நடு அட்சரேகையின் அளவைக்கொண்டு பாகைகளாக மாற்றி, மறுநாள் கணக்கைப் புதிய இடத்திலிருந்து தொடங்கினான்.